ஏழாவது வள்ளம்

மக்ளே,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. நம் ஒன்பது வள்ளங்களைப் பற்றி எழுதி, அச்சுக்கு அனுப்ப நீ அடுக்கி வைத்திருக்கிற விவர அட்டைகளுக்கு மேல், உன் மேசையிலேயே திறந்தபடி வைக்கிறேன். உன் அம்மை படித்தாலும் சரி, ஓசிப் பேப்பர் படிக்க வருகிற பக்கத்து வீட்டுக்காரர் படித்தாலும் சரி. நீ விசாவுக்காகச் சென்னை போய் இரண்டு வாரம் ஆகிறது. வியாழக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவாய், வெள்ளிக்கிழமை அட்டைகள் அச்சகத்துக்குப் போக வேண்டும், அதற்கடுத்த வாரம் நீ டென்மார்க்குக்கு விமானம் ஏற வேண்டும். அதற்குள் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். முதல் தடவை ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். இரண்டாம் தடவை அந்த ஊர்க் குளிருக்கு எத்தனை கம்பளி வேண்டும் என்று பேசிவிட்டு வைத்தேன். வாயைத் திறந்தால் எனக்குக் கேலிதான் வரும் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழாம் எண் அட்டையில் நீ எழுதியிருப்பது பொய். 'ஒரே அயனி மரத்தில் குடைந்த வள்ளம். பதினெட்டு அடி நீளம். கைவிடப்பட்ட நிலையில் மணக்குடிக் காயலில் கண்டெடுக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறாய். மரமும் நீளமும் சரி. மற்றது நான் உனக்குச் சொல்லித் தந்த பொய். அதை யாரும் கைவிடவில்லை, நான் கண்டெடுக்கவும் இல்லை. இன்னொருத்தருடைய வள்ளத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்தேன். அந்த அட்டையின் அடியில் 'தொகுத்தவர்' என்று உன் பெயர் அச்சாகப் போகிறது. அச்சாவதற்கு முன்னால் உனக்கு உண்மை தெரிய வேண்டும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

நான் வள்ளம் சேர்க்க ஆரம்பித்த கதை உனக்குத் தெரியும், நூறு தடவை கேட்டிருப்பாய். என்னோடு வேலை பார்த்தவர் மகளுக்குக் கோவளத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பு. நாமெல்லாம் பத்து வயலை நம்பிப் பிழைத்த குடும்பம், கடலில் கால் நனைத்ததோடு சரி. வள்ளத்துக்கும் எனக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. அந்த ஓட்டல் கூடத்தில் ஒரு வள்ளத்தைக் குறுக்கே இரண்டாக அறுத்து, ஒரு பாதியை நட்டுக்க நிறுத்திச் சாராயக்குப்பி அடுக்கியிருந்தார்கள். மற்றப் பாதியைப் படுக்கப் போட்டு, ஐஸ் கொட்டி, அதன்மேல் தர்பூசணி வெட்டி வைத்திருந்தார்கள். உள்பக்கம் தச்சனின் வாய்ச்சி கொத்திய தடம் வரிவரியாக அப்படியே இருந்தது. ஒரு ஆள் குனிந்து நின்று மாசக்கணக்கில் கொத்திய தடம், அதன்மேல் தர்பூசணித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பாயசத்தோடு எழுந்து வந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன். இரண்டு பாயசமும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன், இன்றைக்கு அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதமே குளச்சல் பக்கம் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி முதல் வள்ளத்தை வாங்கி டெம்போவில் ஏற்றி வந்தேன். வயலுக்கு நடுவில் இருக்கிற வீட்டில் வள்ளம் வந்து இறங்கியதும் ஊர் கூடிவிட்டது. லைன்மேனுக்குக் கம்பத்தில் ஷாக் அடித்து மூளை கலங்கிவிட்டது என்று ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். நான் சட்டை பண்ணவில்லை. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. ஒவ்வொன்றையும் தரகுக்காரன் கையிலிருந்தும் அறுப்பு மில்லிலிருந்தும் ஓட்டல்காரனிடமிருந்தும் நான் காப்பாற்றியதாக எனக்கு நினைப்பு. பத்திரிகைக்காரர்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். வள்ளங்களைக் காக்கும் மனிதர் என்று ஒருவர் எழுதியதை அம்மை வெட்டி அலமாரியில் ஒட்டி வைத்தாள். அப்படி எழுதப்பட்டவனுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? முதல் வள்ளத்தைக் கேட்டபோது கைகட்டி நின்றேன். ஆறாவது வள்ளத்தைக் கேட்டபோது, அதைக் கொடுக்கிறவர்தான் எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிற தோரணையில் நின்றேன். ஏழாவது வள்ளத்தை எடுக்கும்போது யாரையும் கேட்கவே இல்லை.

சுனாமி வந்து போனதற்கு அடுத்த வருஷத்துக் கோடை அது. கடலோரம் முழுக்கப் புதுக் கம்பம் நட்டு லைன் இழுத்துக்கொண்டிருந்தோம். மணக்குடியில் பழையாறு காயலில் வந்து சேருகிற மூலையில் ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தேன். கோடையில் அங்கே தண்ணீர் தெளிந்திருக்கும். கீழே பார்த்தால் அடித்தரையில் ஒரு வள்ளத்தின் உருவம் முழுசாகத் தெரிந்தது. அணியம், அதாவது முன்பக்கம், ஆற்றைப் பார்த்து இருந்தது. மேலே போட்டிருந்த தென்னோலை அங்கங்கே விலகியிருந்தது. ஒட்டுப்போடாத ஒற்றை மரம் என்பது அந்த உயரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பத்திலிருந்து இறங்கி யாரிடமாவது விசாரித்திருக்கலாம். பக்கத்திலேயே சாயாக்கடை இருந்தது. அங்கே உட்கார்ந்து சாயா குடித்தேன், பழம்பொரி தின்றேன், வள்ளத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கேட்டால் யாராவது 'இது இன்னாருடையது' என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். கேட்காமல் இருந்தால் அது யாருடையதும் இல்லை என்று நான் நம்பிக்கொள்ளலாம் அல்லவா?

அந்த ஞாயிற்றுக்கிழமை டெம்போவும் ஆறு லோடிங் ஆட்களுமாகப் போனேன். எட்டு வயது நீயும் அடம்பிடித்து என்னோடு வந்தாய். ஞாயிறுதான் எனக்கு லீவு, அதனால் ஞாயிறு போனேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமையும் எனக்கு லீவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஊர் முழுக்க மாதா கோயிலில் பூசைக்கு இருக்கும், கடற்கரையில் ஒரு ஈ காக்காய் இருக்காது என்பது தெரிந்துதான் அந்த நேரத்தைப் பொறுக்கினேன். காயலுக்கு அந்தப் பக்கம் மைக்கில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஆட்களை 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டிக்கொண்டிருந்தேன்.

வள்ளத்துக்குள் கல் இருந்தது. ஆற்றில் கிடக்கிற உருண்டைக் கல், அணியத்திலிருந்து பின்பக்கம்வரை ஒன்றையடுத்து ஒன்று. ஆட்கள் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் எறிந்தார்கள். நீ கரையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாய். எண்ணி முடித்து, பதினேழு என்று சொல்லிவிட்டு, "யாருப்பா இவ்வளவு கல்லு வச்சது?" என்று கேட்டாய்.

"ஆத்து வெள்ளத்துல உருண்டு வந்து விழுந்திருக்கும் மக்ளே."

"வரிசையாவா?"

நான் காதில் விழாதவன் மாதிரி கயிற்றைப் பிடித்து இழுத்தேன். திரும்பி வரும்போது உனக்குச் சர்பத் வாங்கித் தந்தேன். உனக்கு அந்தச் சர்பத் நினைவிருக்கிறது, அதன் ருசியைப் பற்றிக்கூடச் சொல்லியிருக்கிறாய். நீ கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது: கொஞ்ச காலத்துக்கு வேலை இல்லையென்றால் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தாழ்த்தி வைப்பார்கள். வெயிலில் கிடந்தால் மரம் வெடிக்கும், உப்புத் தண்ணீரில் கிடந்தால் புழு துளைக்கும். அதனால் ஆறு வந்து சேருகிற, உப்புக் குறைந்த மூலையாகப் பார்த்து, ஓலை மூடி, கல் ஏற்றித் தாழ்த்துவார்கள். அது கைவிட்டதற்கு அடையாளம் இல்லை, திரும்பி வருவேன் என்பதற்கு அடையாளம். நாம் நெல்லை அடித்துக் களத்தில் குவித்து வைக்கோலால் மூடி வைக்கிறோம். அதை ஒருவன் அள்ளிக்கொண்டு போய், கேட்பாரற்றுக் கிடந்தது என்று சொன்னால் அவனை நான் சும்மா விடுவேனா? கல்லை வரிசையாகக் கண்டபோதே எனக்கு மனதுக்குள் உறுத்தியது. உறுத்தலோடுதான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், உன் வாழ்க்கையே அதில்தான் தொடங்குகிறது என்று நீ சொல்லுவாய். பத்து நாளில் சென்னையிலிருந்து ஒரு போட்டோக்காரர் வருவதாக இருந்தது. அவருக்குப் பளபளவென்று காட்ட வேண்டும் என்று, மாசக்கணக்கில் நீரில் ஊறிய மரத்தை முற்றத்து வெயிலில் போட்டு, முந்திரித்தோட்டு எண்ணெயைப் பூசினேன். நாலாம் நாள் மத்தியானம் தென்னைமட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். அணியத்திலிருந்து பாதி தூரத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நீ பையைப் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே சாக்கை நனைத்து அந்த வெடிப்பின்மேல் போட்டாய். பிறகு ஒரு மாதம், காலையும் மாலையும் நனைத்தாய். அதற்குமேல் வெடிப்பு ஓடவில்லை. பழைய மரத்தைப் பாதுகாக்கிற படிப்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நீ அதைத் தேடிக் கண்டுபிடித்து வடக்கே போய்ப் படித்தாய். உனக்கு வேலை தந்த படகு அருங்காட்சியகத்து டென்மார்க்குக்காரர்கள் நேர்காணலில் கேட்டபோதும், அப்பா காயலில் கண்டெடுத்த வள்ளத்தின் கதையைத்தான் சொன்னாயாம். அவர்கள் எழுந்து நின்று கை கொடுத்தார்கள் என்று நீ சொன்ன அன்று, நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நீ நினைத்தாய்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. வள்ளத்தை எடுத்து மூன்று வருஷம் கழித்து, அதே ஊரில் டிரான்ஸ்பார்மர் கோளாறு என்று போனேன். வேலை முடிந்து இறங்கியதும் ஒரு அம்மா கூப்பிட்டுக் கட்டஞ்சாயா கொடுத்தாள். சூசை என்பவருடைய மனைவி. சுனாமியில் அவர்களுடைய பெரிய படகு சிதறிவிட்டது. மிஞ்சியது காயலில் கிடந்த இந்த வள்ளம் ஒன்றுதான். சூசை பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போகும்போது, அதைத் தாழ்த்தி வைத்து, பார்த்துக்கொள்ளும்படி தம்பி மிக்கேலிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் வள்ளம் இல்லை. தம்பி விற்றுத் தின்றுவிட்டு இல்லையென்கிறான் என்று முடிவு கட்டினார். ஊரும் அதையே சொன்னது. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா இதையெல்லாம் சொல்லிவிட்டு, "கூடப் பொறந்தவன் இப்பிடிச் செய்வானா சாரே?" என்று என்னிடம் கேட்டாள். நான் அவள் கொடுத்த சாயாவைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, காலம் கெட்டுப்போச்சு என்று சொன்னேன்.

சொன்னேன் மக்ளே. இந்த வாயால்தான் சொன்னேன். கடல் விட்டுவைத்ததை நான் கொண்டுபோனேன், அதற்குமேல் ஒரு குடும்பத்தையும் இரண்டாக்கினேன். வள்ளத்தை எடுத்தபோது தெரியாமல் செய்துவிட்டதாக ஒரு சாக்காவது சொல்லலாம். அன்றைக்குப் பிறகு வாய்மூடிக் கிடந்த இத்தனை வருஷத்துக்கு ஒரு சாக்கும் இல்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று முதலில் பயந்தேன். பென்ஷன் வந்த பிறகு பெயர் போய்விடும் என்று பயந்தேன். நீ பெரிய படிப்புப் படித்த பிறகு, உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தேன். உன் அம்மைக்கு நான் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் மற்ற எட்டு வள்ளத்திலும் வத்தலும் மிளகாயும் காயப்போடுகிறவள் ஏழாவதில் ஒருநாளும் போட்டதில்லை. போன மாதம் ஏன் என்று கேட்டேன். "கேக்காம எடுத்துட்டு வந்ததுல எனக்க வத்தலு காய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ சென்னைக்குக் கிளம்பிய காலையில் ஒன்பது அட்டைகளையும் எனக்கு வாசித்துக் காட்டினாய். ஏழாவதை வாசிக்கும்போது உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. கல்லூரிக்காரர்கள் நம் வள்ளங்களுக்காகக் கட்டியிருக்கிற காட்சிக் கூடத்தில் அதுதான் நடுவில் நிற்கப் போகிறது, கூடத்தோடு வெளியாகிற புத்தகத்தின் அட்டைப்படமும் அதுதான் என்றாய். உன்னை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலை மணக்குடி பஸ்ஸைப் பிடித்தேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால், உன் முன்னால் நல்லவன் ஆவதற்காகப் போன மாதிரி இருந்திருக்கும். பழி சுமந்த ஆளிடம்தான் முதலில் போக வேண்டும் என்று தோன்றியது.

மிக்கேல் வாசலில் உட்கார்ந்து வலை முடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் லைன்மேன் சாரா, பென்ஷன் ஆயாச்சா என்று சிரித்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து. அவர் தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது. ஒரு அடி விழும் என்று எதிர்பார்த்தேன், விழுந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் முடிவு பண்ணியிருந்தேன். அவர் கடைசியில் கேட்டது வள்ளத்தைப் பற்றி இல்லை.

"கல்லு கெடந்துதா சாரே?"

"கிடந்தது. பதினேழு."

"எண்ணுனீங்களா?"

"எனக்க மக எண்ணினா. அப்ப அவளுக்கு எட்டு வயசு."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டை விலக்காமலே சொன்னார். "அண்ணன் வச்சது பன்னெண்டு. மழைவெள்ளம் வந்தா மெதந்துரும்னு பயந்து அஞ்சு நான் வச்சது. மாசாமாசம் முங்கிப் பாத்தேன். சொன்னா ஒருத்தனும் நம்பல. அண்ணனுக்க வள்ளத்த வித்துத் தின்னவன்னுதான் சொன்னானுவ."

உன் விரல் எண்ணிய கணக்கு, மக்ளே. அந்த மனிதன் பொய் சொல்லவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி. அதை இத்தனை வருஷம் நான் என் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தேன். அவர் காலில் விழப் போனேன். விடவில்லை. அண்ணனிடமும் நான் போய்ச் சொல்ல வேண்டும் என்றார், தான் கூட வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். வந்தால் அவர் சொல்லிக்கொடுத்து என்னைக் கூட்டிவந்த மாதிரி ஆகிவிடுமாம்.

சூசை வீடு இரண்டு தெரு தள்ளி. அந்த அம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் சொல்லி முடித்ததும், அன்றைக்கு எங்கள் வீட்டுச் சாயாவைக் குடித்துவிட்டுப் போனவர்தானே நீர் என்று கேட்டாள். அதற்குமேல் அவள் ஏசிய ஏச்சையெல்லாம் எழுத மாட்டேன், ஒன்றுகூட எனக்குப் பொருந்தாமல் இல்லை. சூசைக்கு இப்போது முட்டுவலி, சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். மிக்கேலிடம் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். சட்டையை எடுத்து மாட்டினார், பொத்தான் போட மறந்து அப்படியே தெருவில் இறங்கினார். நான் தள்ளிப் பின்னால் போனேன். தம்பி வீட்டு வாசல்வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. மிக்கேல், பரத்திப் போட்டிருந்த வலையைச் சுருட்டி ஒதுக்கி, அண்ணன் உட்கார இடம் விட்டார். சூசை உட்கார்ந்தார். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் நம் வீட்டுக்கு வந்தார்கள். அம்மை அவர்களுக்கு இலை போட்டுச் சோறு போட்டாள். பிறகு வள்ளங்கள் இருக்கிற கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். சூசை வெடிப்பின்மேல் உள்ளங்கையை வைத்து நீளத்துக்குத் தடவினார். இதற்குமேல் ஓடாமல் நிறுத்தியது யார் என்று கேட்டார். நீ ஈரச் சாக்கு போட்ட கதையைச் சொன்னேன். வள்ளம் உங்களுடையது, பூசை முடிந்து ஊர் வெளியே வரும் நேரத்தில் கொண்டுவந்து இறக்கி, எடுத்தவன் நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். இது இனி மிதக்காது என்றார் சூசை. அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்துக்கிடச் சொல்லித்தானே ஒனக்க கிட்ட விட்டுட்டுப் போனேன். இன்னும் பாத்துக்கிடு."

"செரி" என்றார் மிக்கேல்.

அவ்வளவுதான் பேச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை வள்ளம் மிக்கேல் வீட்டுக்குப் போகிறது. தென்பக்கம் ஓலை வேய்ந்து இடம் போட்டுவிட்டார். அன்றைக்கு இங்கிருந்து கிளம்பும்போது, கல் எண்ணின பிள்ளையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். நீ வந்தால் நல்லது. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், டெம்போவில் முன்னால் நீ உட்கார், நான் பின்னால் வள்ளத்தோடு நின்று வருகிறேன். அந்த வெடிப்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மிக்கேலுக்குச் சொல்லித்தர உன்னைவிட்டால் ஆள் இல்லை.

இதனால் உனக்கு வரப்போகிற சங்கடம் எனக்குத் தெரியாமல் இல்லை. கல்லூரிக்காரரிடம் நேற்றுப் பேசிவிட்டேன். எட்டு வள்ளம்தான் வரும், ஏன் என்பதை என் மகள் எழுதித் தருவாள் என்றேன். அவருக்கு வருத்தம், நடுவில் நிற்க வேண்டியதே இல்லையென்றால் கூடம் எதற்கு என்றார். புத்தகம் வரலாம், வராமலும் போகலாம். டென்மார்க்குக்காரர்களிடமும் நீ சொன்ன கதையைத் திருத்திச் சொல்லிவிடு. இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் தள்ளிப்போட்டவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம், தள்ளிப்போடப் போட வாய் கனத்துப்போகும் என்பதுதான். இன்றைக்கே சொல்லிவிட்டால் ஒரு நாள் வெட்கத்தோடு போய்விடும். வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னவளை வேண்டாம் என்று சொல்லுகிற இடமாக இருந்தால், பழைய பொருளை அவர்கள் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை.

அங்கே நூறு ஊர்களிலிருந்து வந்த படகுகள் இருக்கும் என்றாய். எல்லாம் பத்திரமாக, குளிர் பதமாக, தூசியில்லாமல் இருக்குமாம். இருக்கட்டும். காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் மனிதனை ஆகக் கெடுப்பது. கெட்ட எண்ணத்தோடு எடுக்கிறவன் பயந்து பயந்து எடுப்பான். நல்லது செய்கிறோம் என்று எடுக்கிறவனுக்குப் பயமே கிடையாது, நான் அப்படித்தான் இருந்தேன். கண்டெடுத்தது என்று எழுதிய அட்டையைப் பார்த்தால் அங்கே கொஞ்சம் நில். அந்தப் படகை யார் எதற்காக அந்த இடத்தில் வைத்தார்கள் என்று கேள். பெரிய அதிகாரி யாராவது வெள்ளம் கொண்டுவந்தது என்று சொன்னால், எட்டு வயதில் நீ என்னைக் கேட்டதையே அவரிடமும் கேள். மழுப்பிவிட்டு உனக்குச் சர்பத் வாங்கித் தர வருவார்கள், குடிக்காதே.

இத்தனைக்கும் பிறகு எனக்கு மனசு நிறைவாக இருக்கிறது, இதை மறைப்பானேன். இரண்டு கிழவர்கள் நம் கொட்டகையில் ஒரு வள்ளத்தின் இரண்டு பக்கமும் கைவைத்து நின்றதைப் பார்த்தேன். நான் சேர்த்த ஒன்பதில் எதைப் பார்த்தும் எனக்கு அப்படி இருந்ததில்லை. மற்ற எட்டு வள்ளத்தைக் கொடுத்தவர்கள் வீட்டுக்கும் ஒரு தடவை போய்வரலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் அந்த வள்ளத்தைப் பற்றிச் சொல்ல என்னவெல்லாமோ இருந்திருக்கும், நான் விலை பேசிய அவசரத்தில் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டு எழுதி உனக்கு அனுப்புகிறேன். அம்மையும் வருகிறேன் என்கிறாள்.

இனி ஏழாம் எண் அட்டை. அதைக் கிழித்துப் போடாதே. எட்டை ஏழாக்கி, ஒன்பதை எட்டாக்கி இடத்தை அடைத்தும் விடாதே. வள்ளம் இல்லாவிட்டாலும் அட்டை இருக்கட்டும். பழையதை அடித்துவிட்டு இப்படி எழுது: உடையவர் சூசை. பாதுகாத்தவர் மிக்கேல். கேட்காமல் எடுத்துச் சென்றவர் என்று போட்டு என் பெயரை எழுது. ஒரு நலம்விரும்பி, ஒரு சேகரிப்பாளர் என்றெல்லாம் பூசி மெழுகாதே. அப்பா என்ற இரக்கத்தில் சுருக்கியும் எழுதாதே, முழுப்பெயராக எழுது. அடுத்த வரியில், திருப்பிக் கொடுத்தார் என்று எழுது. அந்த வரியை எழுதவிடுவதும் விடாததும் ஞாயிற்றுக்கிழமை என் கையில் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதன் கீழே நீ உன் கையெழுத்தைப் போடு. எந்த தேசத்துக்குப் போனாலும் உன் பெயருக்கு முன்னால் நீ போடுகிற முதல் எழுத்து என் பெயர்தான். இத்தனை நாள் அது என்னவென்று தெரியாமல் போட்டாய். இனி தெரிந்து போடு.

அப்பா